முதலில் எந்தச் சாலை? பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் மக்கள் சொல்லும் பாதையும் திட்டமும்

பறம்பிக்குளம் கேரள மண். பாலக்காடு மாவட்டத்து முதலமடை ஊராட்சியில் அடங்கியது. ஆனால் அங்குள்ள காடர் பழங்குடிக் குடும்பம் ஒன்று வண்டியேறித் தன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்வர வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். டாப்சிலிப்பைத் தாண்டிச் சேத்துமடைக்கு வந்து, ஆனைமலைப் பக்கத்துச் சமவெளியைச் சுற்றி, மறுபடி மாநில எல்லையைக் கடந்து முதலமடையைப் பிடிக்க வேண்டும். 2020இல் கொரோனாவுக்காக எல்லைகள் அடைக்கப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. அந்த ஆண்டில்தான், அதே ஊராட்சியைச் சேர்ந்த தேக்கடி மலைக்குடியிருப்பு மக்கள் (பெரியாற்றுத் தேக்கடி வேறு, இது வேறு) அடிவாரத்துச் செம்மணாம்பதிக்கு நேராக இறங்கும் ஒரு பாதையைக் காட்டுக்குள் தாங்களே வெட்டத் தொடங்கினார்கள். வனத்துறை தடுத்தது. செய்தி வெளியே வந்த பிறகே பேச்சு தொடங்கியது.

அவர்கள் அன்று செய்தது முழுமையான திட்டமிடல் வேலை. எந்த இரண்டு இடங்களை இணைக்க வேண்டும், எந்தச் சரிவு வழியாக இணைக்க வேண்டும், வேறு எல்லாத் தேவைக்கும் முன்னால் இது ஏன் வர வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் அவர்களிடம் விடை இருந்தது. மக்கள் திட்டம் என்ற சொல்லை இந்தியாவுக்கே பழக்கிய மாநிலம் கேரளம். கிராமசபையும் பழங்குடி ஊருக்கூட்டமும் சட்டப்படி நடக்கும் இடம். அங்கே ஒரு குடியிருப்பின் முதல் தேவை மண்வெட்டியோடு காட்டுக்குள் இறங்கித்தான் கவனம் பெற வேண்டியிருந்தது என்றால், எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அது எங்கே என்று தேடுவதே இந்தக் கட்டுரை.

இந்த மலைகளுக்குப் பாதை வந்த கதையிலிருந்து தொடங்குவது நல்லது. 1907இல் ஓடத் தொடங்கிய கொச்சி அரசின் காட்டு டிராம்வே பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கியது. பிறகு பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் வந்தது. அணைகள் கேரள மண்ணில் நின்றாலும் அவற்றைப் பராமரிப்பது தமிழ்நாடு. ஆகவே அணைக்கு வந்த சாலையும் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தே வந்தது. முதலமடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டாக இருக்கவில்லை. இடுக்கிப் பக்கம் மூணாற்றுக்குக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும், டாப் ஸ்டேஷனிலிருந்து போடி அடிவாரத்துக்கு இறங்கிய கம்பிவடமும் தேயிலைக்காக வந்தவை. அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பூயம்குட்டி, மாங்குளம் வழியாக வந்த பழைய ஆலுவா–மூணாறு சாலையும் அதே வெள்ளத்தில் அழிந்தது. அதைத் திறக்கச் சொல்லும் குடியேற்ற விவசாயிகளுக்கும் வனத்துறைக்கும் இன்றுவரை வழக்கு ஓயவில்லை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன், பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்குப் போன சாலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தப்பிச் செல்லும் வழியாகக் கருதப்பட்டது. தேக்கு, தேயிலை, தண்ணீர், போர் என்று நான்குக்கும் பாதை கிடைத்தது. முதுவர் குடிகளும் காடர் குடியிருப்புகளும் அந்தப் பாதைகளின் ஓரத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இன்று எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்பதை இந்தப் பழைய முடிவுகளே தீர்மானிக்கின்றன. அரசு புதிதாக ஒரு பட்டியல் போடும்போது, ஏற்கெனவே இருக்கும் சாலையிலிருந்து கிளை பிரிப்பதுதான் செலவு குறைந்த வழியாகத் தெரிகிறது. அந்தத் தாய்ச்சாலை யாருக்காகப் போடப்பட்டது என்று எஸ்டிமேட்டில் யாரும் கேட்பதில்லை.

1996 ஆகஸ்ட் 17, சிங்க மாத முதல் நாளில் கேரளம் ஜனகீயாசூத்திரணம் என்ற மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. வார்டுதோறும் கிராமசபை, அதன் மேல் துறைவாரிப் பணிக்குழு, வளர்ச்சிக் கருத்தரங்கம், பிறகு மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல் என்று ஒரு படிக்கட்டு அமைந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் ஊதியமில்லாமல் எஸ்டிமேட்டைச் சரிபார்த்தார்கள். ஒப்பந்தக்காரரை ஒதுக்கிவிட்டுப் பயனாளிகள் குழுவே வேலையை எடுத்துச் செய்யலாம் என்றானது. பழங்குடியினர் துணைத் திட்டத்துக்கு ஊருக்கூட்டம் தனியாகக் கூடியது. இவ்வளவு தூரம் வந்த வேறொரு மாநிலத்தை நாட்டில் காட்டுவது கடினம். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

கிராமசபை கூடிய இடமெல்லாம் முதலில் எழுந்த குரல் சாலைக்காகத்தான். பணம் முழுவதும் தாருக்கே போய்விடும் என்று அஞ்சி, உற்பத்தித் துறைக்கு இவ்வளவு கட்டாயம், சாலை போன்றவற்றுக்கு இதற்கு மேல் கூடாது என்று அரசு வரம்பு வைக்க வேண்டியிருந்தது. அந்த வரம்புக்குள் கிடைத்த பணத்தை ஊராட்சிகள் பங்கிட்ட முறையில்தான் கண்ணி விட்டுப்போனது. பதின்மூன்று வார்டு என்றால் பணம் பதின்மூன்று பங்கு. ஒவ்வொரு மெம்பருக்கும் தன் வார்டில் காட்ட ஒரு வேலை வேண்டும். நூறு மீட்டர் கான்கிரீட், இருநூறு மீட்டர் தார், ஒரு பக்கச் சுவர். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை; வாக்காளர் முன் நிற்க வேண்டிய மெம்பரின் நெருக்கடி அது. ஆனால் இரண்டு வார்டுகளையும் ஒரு காட்டோடையையும் கடந்து போக வேண்டிய ஆறு கிலோமீட்டர் பாதை எந்த வார்டின் பங்குக்குள்ளும் அடங்காது. ஆண்டுக்கு நூறு மீட்டர் என்று போட்டால், மேல்முனை முடிவதற்குள் கீழ்முனை மழையில் பெயர்ந்துவிடும்.

கிராமசபை மக்களிடம் தேவையைக் கேட்கிறது. வரிசையைக் கேட்பதில்லை. நாற்பது கோரிக்கை எழுதப்பட்டால் அதில் எது முதலில் என்பது கூட்டம் கலைந்த பிறகு வேறொரு அறையில் முடிவாகிறது. அந்த அறைக்கு மலைமேல் குடியிலிருந்து யாரும் வந்திருக்க மாட்டார்கள். சாலை விஷயத்தில் மக்கள் பங்கேற்பு என்பதன் முழுப் பொருளும் அந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இடமலக்குடியை எடுத்துக்கொள்வோம். மூணாறு ஊராட்சியிலிருந்து பிரித்து 2010இல் உருவாக்கிய, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முழுவதும் முதுவர் மக்கள். இருபதுக்கும் மேற்பட்ட குடிகள், வால்பாறைக் காடுகளை ஒட்டிய மடிப்புகளில் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் சிதறிக் கிடக்கின்றன. தனி ஊராட்சி என்றால் தனிப் பணம், தனித் திட்டம், சொந்தத் தலைவர். இருந்தும் பல ஆண்டுகள் அந்த ஊராட்சியின் அலுவலகமே தேவிகுளத்தில் இயங்கியது. பெட்டிமுடியிலிருந்து சொசைட்டிக்குடி வரையுள்ள காட்டுவழியில் ஜீப் போவதும் மழையைப் பொறுத்தது. நோயாளியைக் கம்பில் துணி கட்டிச் சுமந்து இறக்கும் மஞ்சல்தான் பல குடிகளுக்கு ஆம்புலன்ஸ். நம் பக்கத்துச் செய்தித்தாள்கள் டோலி என்று எழுதுவதும் இதைத்தான். பிரசவ நாள் நெருங்கினால் முன்கூட்டியே மலையிறங்கித் தங்க வேண்டிய நிலை பெண்களுக்கு. தனி ஊராட்சி கிடைத்துப் பத்தாண்டுக்கு மேலான பிறகே பெட்டிமுடி–சொசைட்டிக்குடிப் பாதைக்குக் கான்கிரீட் வேலை தொடங்கியது.

ஏன் இவ்வளவு தாமதம்? ஊராட்சியின் கையில் இருந்தது திட்டமிடும் உரிமை. பாதை போகும் நிலம் வனத்துறையிடம். பாதை தொடங்கும் இடம் தேயிலைத் தோட்டத்துக்குள். செலவோ ஒரு சிறிய ஊராட்சியின் ஆண்டுப் பணத்தைப் போல் பல மடங்கு. இந்த மூன்றும் ஒரே மேசையில் சந்திக்காதவரை குடித்தலைவரான காணியின் தலைமையில் குடி கூடி எடுத்த முடிவு முடிவாகவே நின்றுவிடும்.

மத்திய அரசின் பணம் இங்கே ஏன் வந்து சேரவில்லை என்றும் பார்க்க வேண்டும். 2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்கு எல்லாப் பருவத்துக்குமான சாலை என்றது. மலை மாநிலங்களுக்கும், பாலைவனத்துக்கும், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கும் அந்த எண்ணை 250 ஆகக் குறைத்தது. கேரளம் மலை மாநிலம் என்ற பட்டியலில் இல்லை. ஐந்தாம் அட்டவணைப் பகுதி கேரளத்திலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. ஆகவே ஆனைமலைத் தொடரின் உச்சியில் இருக்கும் குடிக்கும் சமவெளி அளவுகோலே வந்தது. முப்பது நாற்பது குடும்பம் உள்ள ஒரு முதுவர் குடி 500 தலைகளை எங்கே போய்த் தேடும்? பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான பெசா சட்டம் கிராமசபைக்குத் தரும் கூடுதல் அதிகாரமும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிக்கே உரியது என்பதால் அதுவும் இங்கே இல்லை.

2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டம், மிக நலிந்த பழங்குடிகளின் குடியிருப்பில் 100 பேர் இருந்தாலே சாலை உண்டு என்றது. நல்ல மாற்றம். ஆனால் யார் மிக நலிந்தவர் என்ற பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளப் பட்டியலில் காடர் உண்டு, குறும்பர் உண்டு, இருளர் இல்லை. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் உண்டு, காடர் இல்லை. பறம்பிக்குளத்துக் காடருக்குத் தகுதி இருக்கிறது, அதே காட்டின் தொடர்ச்சியில் டாப்சிலிப் பக்கம் இருக்கும் அவர் உறவினருக்கு இல்லை. ஆனைகட்டியில் கோவை மாவட்டத்துப் பக்கத்து இருளருக்கு உண்டு, பாலத்தைத் தாண்டி அட்டப்பாடி பக்கம் போனால் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே போகும் கோடு ஒன்று, எந்த ஊருக்குச் சாலை என்பதையும் முடிவு செய்கிறது. இந்த அளவுகோல்களை வகுத்த எந்தக் கூட்டத்திலாவது ஊர்த்தலைவரான மூப்பன் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

காட்டுக்குள் போகும் பாதைக்கு ஒரு நல்ல கதவு 2006இன் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 3(2) பிரிவு பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட பதின்மூன்று வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராமசபையின் பரிந்துரை வேண்டும். சாலைக்கான இந்தியச் சட்டங்களில் மக்கள் கூட்டத்தின் பரிந்துரையை முன்நிபந்தனையாக வைத்தவை மிகக் குறைவு. அவற்றுள் இது முக்கியமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலத்துக்குப் பாதை என்றால் ஒரு ஹெக்டேரில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஜீப் போக அது போதும். நான்கு வழிச்சாலையை இந்த வழியில் யாரும் கடத்திக்கொண்டு வர முடியாது. காட்டுக்கும் காப்பு, குடிக்கும் வழி.

தமிழ்நாட்டுப் பக்கம் உடுமலை மலைகளில் குருமலை, குழிப்பட்டி மக்கள் திருமூர்த்திமலைக்கு இறங்கும் பாதையைக் கேட்டு நெடுங்காலம் போராடியதும் இதே சட்டத்தைச் சொல்லித்தான். ஆனால் சட்டம் தெரிந்த பரிந்துரை ஒன்றைக் குடியில் உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும். கிராமசபை என்று சட்டம் சொல்வது அந்தக் குடியின் கூட்டத்தையா, வார்டு முழுவதன் கூட்டத்தையா என்ற குழப்பத்தில் பல மனுக்கள் முடங்குகின்றன. வன உரிமைச் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தால் குடியின் கூட்டமே கிராமசபை. இதில் எனக்கு ஐயமில்லை. பாதையால் பயன் பெறாத, பாதிக்கவும் படாத சமவெளி வாக்காளரின் கோரம் இல்லை என்று ஒரு மலைக்குடியின் பரிந்துரை தள்ளிப்போவது அநியாயம்.

அட்டப்பாடியில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 1990களின் நடுவில் உருவான அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம், அஹாட்ஸ் என்று எல்லோரும் சொல்வது, ஒவ்வொரு ஊரிலும் ஊர் வளர்ச்சிக் குழுவை அமைத்து, வேலையையும் பணத்தையும் அந்தக் குழுவின் வழியாக நடத்தியது. இருளர் ஊர்களில் மூப்பன், பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று ஏற்கெனவே பொறுப்புகள் இருந்தன. மண்ணைப் பற்றிய வேலைக்கு மண்ணுக்காரன் என்று ஒருவரை வைத்திருக்கும் சமூகத்திடம் புதிதாகப் பங்கேற்பைக் கற்பிக்க வேண்டியதில்லை. வீடுகளும் நடைபாதைகளும் தடுப்பணைகளும் ஊராரின் கையாலேயே எழுந்தன. திட்டம் முடிந்து கடன் பணம் தீர்ந்ததும் அந்தக் குழுக்களுக்குத் தொடர்ந்து வேலையோ பணமோ கொடுக்கும் வழியை யாரும் செய்யவில்லை. கூட்டங்கள் நின்றன. இவ்வளவு உழைத்து உருவாக்கிய ஒன்றை இப்படி உதிர விட்டது பெரிய இழப்பு.

எந்தச் சாலை என்பதோடு முடிவதில்லை. எந்த வழியாக என்பதும் மக்கள் சொல்ல வேண்டியதே. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் விதிகளில் அழகான ஓர் ஏற்பாடு உண்டு. சாலையின் தடத்தை முடிவு செய்யுமுன் பொறியாளர், ஊராட்சித் தலைவர், வருவாய்த் துறை ஊழியர், ஊர்மக்கள் எல்லோரும் அந்த வழியை முழுதும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். யார் வீட்டுத் திண்ணை போகும், எந்தக் கிணறு அடைபடும், எந்தக் கோயில் மரம் நிற்கும் என்று நடந்தபடியே பேசித் தடத்தை நகர்த்த வேண்டும். இந்தத் திட்டத்தில் நிலத்துக்கு விலை கிடையாது என்பதால் இந்த நடை இன்னும் முக்கியம். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சிற்றூர்ச் சமவெளியில் வரப்போரம் போகும் மண்பாதையை அகலப்படுத்தினால் நிலத்தை விடுபவர் ஒருவர், நிலவிலை ஏறிப் பயன்பெறுபவர் வேறொருவர். அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் இரண்டு மீட்டரைத் தானமாகக் கேட்கும்போது ஊரே சுற்றி நிற்கும். மறுக்க அவருக்கு வாய் வராது. தானம் என்று எழுதிய இடத்தில் உண்மையில் தானம்தானா என்று கேட்க, நடக்கும் குழுவில் நிலமில்லாதவரும் பெண்களும் இருக்க வேண்டும்.

மலையில் இந்த நடைக்கு இன்னொரு பயன். எந்தச் சரிவில் மழைக்காலத்தில் ஊற்று கிளம்பும், யானைகள் எந்தத் தாரை வழியாக இறங்கும், எந்தப் பாறைக்கடியில் மண் இளகல் என்பதெல்லாம் அங்கே மாடு மேய்த்தவருக்கும் தேன் எடுத்தவருக்கும் தெரியும். மூணாறு–போடிமெட்டு தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த மலையை வெட்டியபோது கேப் ரோடு பகுதியில் 2019இலும் 2020இலும் சரிவு மேல் சரிவாக வந்தது. உயிர்களும் போயின, கீழே இருந்த விளைநிலமும் போனது. பெரிய சாலையில் செய்த அதே பிழையைச் சிறிய சாலையில் ஜேசிபி எந்திரம் அன்றாடம் செய்கிறது. வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிட்டு, நீர் போகக் குழாயும் வைக்காமல் போனால், அந்தப் பாதையே அடுத்த மழையில் ஓடையாகிவிடும். நேபாள மலைகளில் ஆளுழைப்பைக் கொண்டு, வெட்டிய மண்ணை அங்கேயே நிரப்பி, சரிவில் செடி நட்டு அமைத்த பசுஞ்சாலைகள் இதற்கு நல்ல பாடம். அங்கேயும் பிற்பாடு புல்டோசர் பாதைகள் பெருகி, சரிவுகளும் பெருகின.

தோட்டப் பகுதியில் சிக்கல் வேறு வகை. மூணாற்றைச் சுற்றிய எஸ்டேட்டுகளிலும் நெல்லியாம்பதியிலும் பல சாலைகள் கம்பெனிக்குரியவை. ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறாத சாலைக்கு ஊராட்சிப் பணம் போட முடியாது. லயம் என்ற தோட்ட வரிசைவீட்டில் வாழும் தொழிலாளர் குடும்பம் வாக்களிப்பது ஊராட்சிக்கு, நடப்பது கம்பெனிச் சாலையில். கிராமசபையில் அவர்கள் கேட்கும் முதல் சாலையை ஊராட்சி எழுதிக்கொள்ளவே இயலாது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். 2018 வெள்ளத்தில் இடிந்த பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாக இருந்த தற்காலிக வழியும் அந்த மழையில் கெட்டு, மீட்பு வண்டிகள் போய்ச்சேரத் தாமதமானது. ஒரு பாலம் வரிசையில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. நெல்லியாம்பதியும் அதே 2018இல் போத்துண்டி மலைச்சாலை சரிந்து வெளியுலகத் தொடர்பற்றுப் போனது. ஒரே வழி உள்ள ஊர்களை முதலில் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் இந்த இரண்டும் மேலே வந்திருக்கும்.

மொழியும் இங்கே சாலையைத் தடுக்கிறது. சிற்றூர் தாலுகாவின் கிழக்கு ஊராட்சிகளிலும் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் மக்கள் பேசுவது தமிழ். முதுவர் பேச்சும் தமிழுக்கு நெருக்கமானது. தமிழிலும் கன்னடத்திலும் அரசோடு எழுதிப் பேசும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சிறுபான்மையினருக்குத் தருகிறது. ஆனால் திட்ட வரைவும் எஸ்டிமேட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வரும்போது, லயத்துப் பெண் தன் சாலை பட்டியலில் எத்தனையாவது என்று படித்துப் பார்க்க முடியாது. வரிசையைப் படிக்க முடியாதவரால் அந்த வரிசையைக் கேள்வி கேட்க முடியாது.

ஊருக்குள்ளேயே வரிசை ஒன்றாக இருக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. வட்டவடையில் காரட்டும் பூண்டும் பீன்ஸும் விளைவிப்பவருக்குத் தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போகும் பாதை முதலில் வேண்டும். அதே ஊராட்சியின் மலைக்குடிக்கு மருத்துவமனை வழி முதலில். கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர் விளைச்சல் உள்ளவராகவே இருப்பார். கேரளக் கிராமசபைகளில் பெண்கள் நிறைய வருகிறார்கள், குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பு அதை வளர்த்தது. ஆனாலும் பயனாளிப் பட்டியல் வாசிக்கும் கூட்டத்துக்கு வரும் கூட்டம் சாலை வரிசை பேசும் பணிக்குழுவுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டின் நமக்கு நாமே திட்டம் போல மக்கள் பங்குத்தொகை கட்டும் ஊருக்கு வேலை முதலில் என்றாலும் இதே சாய்வுதான் வரும். பங்கு கட்ட முடிந்த ஊர் முன்னால் போகும்.

இந்தச் சாய்வுக்கு மருந்தாக எனக்குத் தெரிந்த நல்ல முறை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பயன்படுத்திய அணுகல் திட்டமிடல். அதில் சாலையின் நீளத்தைக் கேட்பதில்லை. ஒவ்வொரு குடியிருப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போய்வர எத்தனை மணி நேரம் ஆகிறது, அந்த வழியை எத்தனை வீடுகள் பயன்படுத்துகின்றன என்று ஊர்மக்களோடு உட்கார்ந்து கணக்கிடுவார்கள். புதூர் ஊராட்சியின் குறும்பர் ஊரிலிருந்து கோட்டத்தறை பழங்குடி மருத்துவமனைக்கு ஆகும் நேரத்தையும், அகளி கடைத்தெருவுக்கு அருகில் உள்ளவருக்கு ஆகும் நேரத்தையும் ஒரே பலகையில் எழுதினால், உரக்கப் பேசுகிறவரும் ஒரு கணம் நிறுத்துவார். சில இடங்களில் விடை சாலையாகவே இருக்காது. ஓடைமேல் ஒரு நடைபாலம், ஜீப்பின் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் கான்கிரீட் பட்டை, வழுக்கும் ஏற்றத்தில் மட்டும் கல் பாவுதல், அல்லது மாதத்தில் இரு நாள் மேலே வரும் மருத்துவக் குழு. பத்தில் ஒரு பங்குச் செலவில் பாதித் துன்பம் தீரும் இடங்கள் இவை.

மக்களைக் கூட்டினாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலை வேலைகளை பெஞ்சமின் ஓல்கன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். போட்ட சாலையைத் தோண்டி எடுத்து, உள்ளே எவ்வளவு கல் இருக்கிறது என்று அளந்து, கணக்கில் எழுதிய தொகையோடு ஒப்பிட்ட ஆய்வு அது. அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று அறிவித்த கிராமங்களில் காணாமல் போன பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு மக்களை அதிகமாக அழைத்த கிராமங்களிலோ சராசரியில் பெரிய மாற்றம் இல்லை. கேரளத்தின் பயனாளிகள் குழுக்களிலும் பெயர் ஊராருடையது, வேலை பினாமி ஒப்பந்தக்காரருடையது என்ற புகார் தொடக்கத்திலிருந்தே உண்டு. தார் எத்தனை மில்லிமீட்டர் என்று ஊர் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஊரின்மேல் சுமத்தும் பாரம். அதற்குத் தணிக்கையாளர் வேண்டும். எந்தப் பாதை, எந்த வழி, எது முதலில் என்பதில் ஊருக்கு நிகரான நிபுணர் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டதால் ஊரிடம் இல்லாத திறமையைக் கேட்டு, இருக்கும் அறிவைக் கேட்காமல் விட்டோம்.

சாலை வேண்டாம் என்று ஊர் சொல்லும் உரிமையும் இதில் அடங்கும். அட்டப்பாடியில் 1951இல் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. வழி திறந்தபோது குடியேற்றமும் வந்தது, நிலம் கைமாறியது. பிரதமர் கிராமச் சாலைகளை ஆராய்ந்த ஆஷர், நோவோசாட் இருவரும் 2020இல் கண்டதும் நிதானிக்க வைப்பது: புதுச் சாலை வந்த ஊர்களில் ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளிவேலைக்குப் போனார்கள், ஆனால் வருமானமும் சொத்தும் பெரிதாக மாறவில்லை. அதே சாலைகளால் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் கூடுதலாகச் சேர்ந்தார்கள் என்பது இன்னொரு ஆய்வு. ஆகவே ஒரு குடி, மருத்துவ ஜீப் வரலாம், வெளியார் வண்டிக்குக் கேட் வேண்டும், நிலப்பட்டா முதலில் வேண்டும், பாதை பிறகு என்று நிபந்தனை சொன்னால் அதை வளர்ச்சிக்கு எதிர்ப்பு என்று எழுதக் கூடாது. அதுவும் ஒரு வரிசைதான், நன்றாக யோசித்த வரிசை.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. ஊராட்சிச் சாலைப் பணத்தில் ஒரு பகுதியை வார்டுப் பங்கீட்டுக்கு வெளியே எடுத்து, பயண நேரம் மிகுந்த குடிகளுக்கென்று ஐந்தாண்டுக்கு ஒரே வரிசையாக ஒதுக்க வேண்டும். ஊராட்சியின் எல்லைக்கு மேலான பாதைகளுக்கு மாவட்டத் திட்டக் குழு, வனத்துறையையும் தோட்டக் கம்பெனியையும் ஒரே நாளில் உட்கார வைக்க வேண்டும். பறம்பிக்குளம், ஆனைகட்டி போன்ற இடங்களில் கோவை மாவட்ட நிர்வாகமும் அந்த மேசையில் இருக்க வேண்டும். ஊருக்கூட்டம் ஒப்பிய வரிசையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் குடியிலேயே ஒட்ட வேண்டும். மேலே யாராவது அதை மாற்றினால், எந்தக் காரணத்துக்காக மாற்றினோம் என்று அடுத்த ஊருக்கூட்டத்துக்குக் கையெழுத்திட்ட கடிதம் வர வேண்டும். போட்ட பாதைக்கு, இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழைக்கு முன் பக்கக் கால்வாயைத் தூர்வாரும் கூலியை அந்தக் குடியின் ஆட்களுக்கே ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். ஏனென்றால் ஒப்பந்தக்காரரின் ஐந்தாண்டுப் பொறுப்பு முடிந்த மறுமழையில்தான் மலைச்சாலைகள் பெயர்கின்றன.